எல்லோருக்கும் பிடித்த ஊரில் யார் குடியிருப்பது?

நான் பினாங்குக்காரன் என்று தெரிந்ததும் கோலாலம்பூரில் யாராவது ஒருவர் "கொடுத்து வைத்தவங்க நீங்க" என்று சொல்லாமல் விட்டதில்லை. அடுத்து எந்த நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை நல்லது என்று கேட்பார்கள். அதற்கடுத்து, டவுனில், அதாவது ஜார்ஜ் டவுனில், அந்தப் பழைய கடைவீடுகளில் ஒன்று ஒரு வாரம் தங்குவதற்குக் கிடைக்குமா என்று கேட்பார்கள். இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வராது, ஏனென்றால் நான் பிறந்து பதினான்கு வயது வரை வளர்ந்தது அப்படிப்பட்ட ஒரு கடைவீட்டின் மாடியில், இப்போது அங்கே வாரக் கணக்கில் மட்டுமே ஆட்கள் தங்குகிறார்கள்.

ஜார்ஜ் டவுனைச் சின்ன ஊர் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். 1957லேயே நகர அந்தஸ்து பெற்ற இடம், 65 மாடிக் கோபுரமாக எழுந்த கொம்தார் நிற்கும் இடம், சரிதான். ஆனால் உலகம் பார்க்க வருவது அந்தப் பெரிய நகரத்தை இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து லோரோங் லவ் சந்து வரை, அந்தப் பக்கம் காட் லெபோ மெலாயு தெரு வரை, மீதி கடல். யுனெஸ்கோ பட்டியலில் மையப் பகுதி என்று குறித்திருப்பது வெறும் 109 ஹெக்டேர். அரை மணி நேரத்துக்குள் குறுக்கே நடந்து கடந்துவிடலாம். அதற்குள் 1801ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833ல் எழுந்த குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில், நாகூர் தர்கா, சீனர்களின் குலக் கோயில்கள், தேவாலயம், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சியூ ஜெட்டி குடியிருப்பு. லெபோ பாசாரை எங்கள் பாட்டிமார் கடைத் தெரு என்றும், வட்டிக்கடை நகரத்தார் இருந்த லெபோ பினாங்கைச் செட்டித் தெரு என்றும்தான் சொல்வார்கள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சின்ன ஊர்தான் அது. தெருமுனையில் நான் ஏதாவது சேட்டை செய்தால், வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த ஊர் ஏன் இடிபடாமல் நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம்மவர்கள் பாரம்பரியத்தை மதித்ததால் நின்றது என்று மேடையில் பேசுவார்கள். அப்படி இல்லை. பணம் வேறு பக்கம் போனதால் நின்றது. 1969ல் தீவு வரியில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. கப்பல் வேலையை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது பெரிய அடி. 1972ல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது. வேலை தெற்கே போனது, இளவட்டங்களும் அதன் பின்னால் போனார்கள். துறைமுகத்தின் பெரும் வேலைகள் கடல் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தன. டவுனில் யாரும் புதிதாகக் கட்ட வரவில்லை. கொம்தாருக்காகச் சில தெருக்கள் போயின, மற்றது அப்படியே கிடந்தது.

அப்புறம் வாடகைச் சட்டம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை ஏற்றவிடாமல் பிடித்து வைத்தது. குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பதும் லேசு இல்லை. எங்கள் மாடிக்கு அப்பா கொடுத்தது மாதம் 45 வெள்ளி, அதாவது ரிங்கிட். அதுவும் வீட்டுக்காரருக்கு நேராகப் போகாது. வீட்டை முழுதாக எடுத்து வைத்திருந்த தலைமைக் குடித்தனக்காரர் ஒருவர் கீழே கடையை ஒருவருக்கும், மேலே மூன்று அறைகளை மூன்று குடும்பங்களுக்கும் பிரித்து விட்டிருந்தார். மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை, ஒரு அடுப்படி. மழை பெய்தால் அம்மா நான்கு வாளிகளை எங்கெங்கே வைக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். கூரை ஓட்டை மாற்றித் தரச் சொல்லி எத்தனையோ முறை கேட்டும் வீட்டுக்காரர் அசையவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம். இன்றைக்கு யோசித்தால், அந்த வாடகையில் அவர் எப்படி ஓடு மாற்றியிருப்பார் என்றும் தோன்றுகிறது. பழைய நாட்களுக்குப் பூ வைத்துக் கும்பிட எனக்கு இஷ்டமில்லை. கரையான் அரித்த படியில் தங்கை கால் இறங்கிய தழும்பு இன்னும் அவள் முழங்காலில் இருக்கிறது.

ஆனால் அந்த 45 வெள்ளி இன்னொரு வேலையும் செய்தது. கூலிக்காரர், தையல்காரர், பூக்கட்டுபவர், கணக்குப்பிள்ளை, கோயில் மேளக்காரர் எல்லோரையும் ஊருக்குள் வைத்திருந்தது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவும் விடவில்லை, ஆளைக் கிளப்பவும் விடவில்லை. மனிதரும் சுவரும் ஒரே கயிற்றில் கட்டிக் கிடந்தார்கள்.

1997ல் அந்தச் சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. கொஞ்சம் அவகாசம் கொடுத்து, 1999 டிசம்பர் 31ஆம் தேதியோடு கட்டுப்பாடு முற்றாக முடிந்தது. உலகமே புத்தாயிரத்துக்கு வாணவேடிக்கை விட்ட ராத்திரி அது. ஜனவரியில் எங்களுக்கு வந்த கடிதத்தில் வாடகை 45லிருந்து 400. அப்பா அதை நான்காக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார், ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. மூன்றே மாதத்தில் ஆயர் ஈத்தாம் பக்கம் ஃபார்லிமில் ஓர் அடுக்குமாடிக்குப் போனோம். தண்ணீர் நன்றாக வந்தது, கழிப்பறை எங்களுக்கு மட்டும். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பாவுக்குத்தான் சாயங்காலம் எங்கே போய் நிற்பதென்று தெரியவில்லை.

எங்களைப் போலவே ஏராளமானவர்கள் போனார்கள். நாட்டிலேயே கட்டுப்பாட்டு வாடகை வீடுகள் மிக அதிகமாக இருந்தது பினாங்கில்தான், அதனால் அடியும் இங்கேதான் பலமாக விழுந்தது. அடுத்த சில ஆண்டுகள் டவுன் பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கும். காலியான மாடிகளில் சிலவற்றை ஜன்னலோடு செங்கல் வைத்து அடைத்து, உள்ளே குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, உணவுக்கு விற்கும் பறவைக்கூடு வியாபாரத்துக்கு விட்டார்கள். மனிதர்கள் போன அறைகளில் குருவிகள் குடியேறின. பாரம்பரியப் பகுதிக்குள் அந்தத் தொழிலை 2013 முடிவதற்குள் நிறுத்த வேண்டும் என்று மாநில அரசு கெடு வைக்கும் வரை அது நடந்தது.

2008 ஜூலை 7ஆம் தேதி, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கும் அந்தத் தேதி பினாங்கில் பொது விடுமுறை. சேர்த்ததற்கான காரணங்களில் ஒன்று, ஆசியாவின் பல இனப் பண்பாடு இங்கே உயிரோடு இருப்பதற்கு இந்த ஊர் சாட்சி என்பது. கவனியுங்கள், உயிரோடு. ஆனால் அந்தப் பட்டியலோடு வந்த விதிகள் எதைப் பிடித்துக் கொள்கின்றன? முகப்பை மாற்றக் கூடாது, கூரை ஓடு இன்ன மாதிரி இருக்க வேண்டும், சுண்ணாம்புப் பூச்சு வேண்டும், ஐந்தடி நடைபாதையை அடைக்கக் கூடாது, புதிதாகக் கட்டினால் 18 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள். அவை இல்லையென்றால், பட்டியலில் சேர்ந்த கையோடு சர்ச்சையான நான்கு உயரமான ஹோட்டல் திட்டங்களும் முதலில் போட்டபடியே எழும்பியிருக்கும். ஆனால் மாடியில் இருக்கும் தையல்காரர் அங்கேயே இருக்கலாம் என்று சொல்லும் விதி ஒன்றுகூட அதில் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால்தான் அந்த ஒரு விதியை எடுத்திருந்தார்கள். சுவருக்குக் காவல் வந்து சேர்ந்தபோது மனிதரின் காவல் போய்விட்டிருந்தது. இந்த வரிசை மாறி நடந்திருந்தால் இன்றைய டவுன் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2009லும் 2013லும் அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். முதல் முறை பத்தாயிரத்துக்குச் சற்று மேல் குடியிருந்தார்கள், நான்கு வருஷத்தில் அது ஒன்பதாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. இதே நான்கு வருஷத்தில்தான் ஊரின் பெயர் உலகமெங்கும் பரவியது. 2012ல் எர்னஸ்ட் ஸக்காரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் லெபோ ஆர்மேனியன் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். சைக்கிள் நிஜ சைக்கிள், சுவரில் பொருத்தியது. அதன் முன்னால் படம் எடுக்க வரிசை நின்றது, இன்னும் நிற்கிறது. தெருவில் நிஜமாகச் சைக்கிள் விட்ட பிள்ளைகள் எல்லாம் அதற்குள் ஃபார்லிமிலும், கடலுக்கு அக்கரையில் பிறை ஊரிலும் இருந்தோம்.

என் அத்தை மட்டும் போகவில்லை. அப்பாவின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ரவிக்கை தைப்பவர். எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் இருக்கிறார். அவருக்கு வீட்டுக்காரர் ஓர் அறக்கட்டளை, தனி ஆள் கிடையாது. இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் டவுனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. அந்த 109 ஹெக்டேரில் நிறைய வீடுகள் சீனக் குலச் சங்கங்களுக்கும், பள்ளிவாசல் வக்ஃபுக்கும், கோயில்களுக்கும் சொந்தம். தனி ஆள் பணத்தேவைக்கு விற்றுவிடுவார், வாங்கியவர் போட்ட முதலை எடுக்கத்தான் பார்ப்பார். பொதுச் சொத்து அப்படி விற்பனைக்கு வராது. ஆகவே யார் குடியிருப்பது என்பதை இன்றைக்கும் தீர்மானிக்கக் கூடியவர்கள் அந்த அறங்காவலர்கள்தான். சிலர் பழைய குடித்தனக்காரரை நியாயமான வாடகையில் வைத்திருக்கிறார்கள். சிலர் ஹோட்டல்காரருக்குக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தைக் கல்விக்கும் திருப்பணிக்கும் செலவழிக்கிறார்கள்; அதையும் தப்பென்று சொல்ல வாய் வரவில்லை. இது புதிய கதையும் இல்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்களின் குடியிருப்பு நெருக்கமாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் 1906ல் அமைந்த அறநிலைய வாரியம்தான் அந்த வக்ஃபு நிலத்தைச் சீர்படுத்துகிறோம் என்று அதைக் கலைத்தது. சொத்தின் வருமானமா, அதன் மேல் வாழும் சனமா என்ற இழுபறிக்கு இந்த ஊரில் நூறு வயது தாண்டிவிட்டது.

அத்தையின் ஒரு நாளைப் பார்த்தால் பிடித்தமான ஊரில் குடியிருப்பது எப்படி என்று புரியும். காலை ஆறு மணிக்குக் கோயில் மணி. அந்த நேரத்துக்கு ஊர் இன்னும் பழைய ஊர்தான். மல்லிகைக் கூடை இறங்கும், தேநீர் ஆற்றும் சத்தம் கேட்கும், மீன் வண்டி வரும். அத்தை இறங்கி வந்து காக்கிலிமாவில், அதாவது ஐந்தடி நடைபாதையில், தன் வாசல் அளவுக்குத் தண்ணீர் தெளித்துச் சின்னதாக ஒரு கோலம் போடுவார். பத்து மணிக்குள் சூட்கேஸ் சக்கரங்கள் அதன் மேல் உருண்டு போயிருக்கும். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, "கோலம் மிதிபடத்தானே போடுறது" என்பார். வருத்தம் வேறு இடத்தில். அவருடைய வாடிக்கையாளர்கள் பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்துப் பெண்கள். தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னால் சேலையும் துணியுமாக வருவார்கள். இப்போது சனி ஞாயிறுகளில் காரை நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றிவிட்டு, அத்தைக்குப் போன் போட்டு "அக்கா, அடுத்த வாரம் வரேன்" என்று பாலம் ஏறித் திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்த அடுத்த வாரம் பல பேருக்கு வரவேயில்லை.

கீழே மளிகைக் கடை இருந்தது. சீரகம் ஐம்பது காசுக்கு மடித்துத் தருவார்கள். அது இப்போது காப்பிக் கடை, சுவரில் செங்கல் தெரியும்படி விட்டிருக்கிறார்கள், ஒரு குவளை பதினான்கு வெள்ளி. பக்கத்தில் முடிதிருத்தும் கடை இருந்த இடத்தில் நினைவுப் பொருள் கடை. கிளினிக் ஒன்று மூடிவிட்டது. 1852ல் தொடங்கிய கான்வென்ட் லைட் ஸ்திரீட் பெண்கள் பள்ளியும் 2018லிருந்து புது மாணவிகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. குழந்தைகள் இல்லாத ஊரில் பேனாக் கடையும் பலகாரத் தள்ளுவண்டியும் எதற்கு? ஒவ்வொன்றாகப் போகும்போது பெரிதாகத் தெரியாது. ஒரு நாள் ஊசி வாங்க மூன்று தெரு நடந்து, கிடைக்காமல் வரும்போதுதான் தெரியும்.

சத்தத்தைப் பற்றிப் பலர் புகார் சொல்வார்கள், எனக்கு அதில் கொஞ்சம் மாறுபட்ட எண்ணம். லெபோ பாசார் எப்போது அமைதியாக இருந்தது? கேசட் கடைகள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுப் பாட்டு வைத்த தெருவில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஒரு முகம் இருந்தது. கீழே போய் "அண்ணே, பாட்டி தூங்குறாங்க" என்றால் குறைப்பார்கள். அத்தையின் அடுத்த வீட்டு மாடியில் இப்போது மூன்று நாளுக்கு ஒரு முறை வேறு ஆட்கள். ராத்திரி ஒரு மணிக்குச் சிரித்துப் பேசுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், விடுமுறைக்கு வந்தவர்கள், சொன்னால் மன்னிப்புக் கேட்டுக் குறைப்பார்கள். ஆனால் வியாழக்கிழமை வருபவர்களிடம் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவில் மாடிப்படி ஏறி வந்து, காப்பிக் கடையின் மேல்தளம் என்று நினைத்து அத்தையின் தையல் மிஷின் முன்னால் வந்து நின்றவர்களும் உண்டு. அதற்காக அவர் தன் கையால் ஒரு அட்டையில் "இது வீடு" என்று தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிப் படிக்கட்டில் தொங்கவிட்டிருக்கிறார்.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஹோட்டல்கள் மூடின, கப்பல்கள் சுவெட்டன்ஹாம் துறைக்கு வரவில்லை. அந்த வாரம் அத்தை வீடியோவில் கூப்பிட்டு, போனை ஜன்னல் வழியாகத் திருப்பித் தெருவைக் காட்டினார். ராத்திரி எட்டு மணி. எதிர்வரிசையில் பதினோரு கடைவீடுகள், எல்லாம் அழகாக வர்ணம் பூசியவை. மாடியில் விளக்கு எரிந்தது இரண்டே இரண்டில். "பார்த்தியாய்யா, இவ்வளவு பேர்தான் நாங்க" என்றார். எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறேன், அந்தப் பதினொன்றில் இரண்டு மாதிரி எதுவும் என்னை உலுக்கியதில்லை.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் தங்கை வேலை செய்வதே ஒரு ஹோட்டலில்தான். லெபோ பினாங்கில் உள்ள துணிக்கடையும் நகைக்கடையும் பாத்திரக்கடையும் நம் சனம் மட்டும் வாங்கி நிற்காது. நாசி கண்டார் கதையைத்தான் பாருங்களேன்: துறைமுகத் தொழிலாளிகளுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுதடி போட்டு, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்ற சாப்பாடு அது. தொழிலாளிகள் போனார்கள், சாப்பாடு மட்டும் வெளியூர்க்காரர்களால் பிழைத்து, இன்று விமானம் ஏறிச் சாப்பிட வருகிறார்கள். ஊர் மாறக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. தினசரி வாழ்க்கை நடந்ததால்தான் இந்தத் தெருக்கள் எல்லோருக்கும் பிடித்தன; அந்த வாழ்க்கையை நடத்துபவர்கள் தங்க முடியாத அளவுக்கு அந்தப் பிடித்தம் விலையை ஏற்றிவிடுகிறது. இதுதான் நடக்கிறது, யாருடைய கெட்ட எண்ணமும் இதற்குத் தேவைப்படவில்லை.

செய்யக் கூடியவை இருக்கின்றன. குறுகிய கால வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அடுக்குமாடி உரிமையாளர்களின் நிர்வாகக் குழுவுக்கு உண்டு என்பதை 2020லேயே கூட்டரசு நீதிமன்றம் கோலாலம்பூர் மோண்ட் கியாராவின் ஓர் அடுக்குமாடி வழக்கில் ஏற்றுக்கொண்டது. அது நிர்வாகக் குழு உள்ள அடுக்குமாடிகளுக்கான தீர்ப்பு. கடைவீட்டு வரிசைக்கு நிர்வாகக் குழு கிடையாது, அங்கே நகராண்மைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது அறங்காவலர்கள் விஷயம். ஒவ்வொரு கோயிலும், சங்கமும், வக்ஃபும் தன் வீடுகளில் ஒரு பங்கை, ஐந்தில் ஒன்று என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள், குடும்பம் நடத்துபவர்களுக்கு என்று பத்து வருஷ ஒப்பந்தத்தில் ஒதுக்கினால் போதும். பத்து வருஷம் இருக்கலாம் என்று தெரிந்தால் குடித்தனக்காரரே கூரையைப் பார்த்துக்கொள்வார். பழுது பார்க்கும் செலவில் அரசு கொஞ்சம் கைகொடுக்கலாம். பழைய சட்டம் வீட்டுக்காரர் ஒருவர் தலையிலேயே மொத்தச் சுமையையும் வைத்ததால்தான் வீடுகள் ஒழுகின, அதை மறுபடி செய்ய வேண்டியதில்லை.

அத்தையின் ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது. ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் புதுத் துணி எடுத்து வைப்பதைக் குறைத்துக்கொள்வார், ஒருவேளை காலி செய்ய வேண்டி வந்தால் வாங்கிய துணியைத் தைத்துக் கொடுக்க முடியாமல் போய்விடுமே என்று. கடிதம் வந்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் தைப்பூசத்துக்குத் தயாராவார்.

ரதங்கள் புறப்படும் நாளுக்கு முந்தின ராத்திரி அவர் மாடியில் இடம் இருக்காது. தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் குவீன் தெருக் கோயிலிலிருந்து தங்க ரதமும், செட்டித் தெருவில் உள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குக் கிளம்பும். அதைப் பார்க்க ஃபார்லிமிலிருந்து நாங்கள், பிறையிலிருந்து சித்தப்பா வீடு, கோலாலம்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வரும் மாமா பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர்வோம். காலி ஹோட்டல் அறைகூட அன்றைக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் எங்களுக்குக் கட்டாது. அத்தை தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்பார். போன வருஷம் எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர். பக்கத்து மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, இத்தனை செருப்பைப் பார்த்துவிட்டு, மூன்று மொழி அட்டையையும் படித்துவிட்டு, மெதுவாகக் கதவைத் தட்டி ரதம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அத்தை அவளுக்கும் ஒரு தேங்காய் எடுத்து வைத்தார், வாசலில் உடைக்க.